ஒரே திரையில் ஒன்பது கட்டங்கள்

தேயிலை விலை சரிந்து கிடந்த காலம். குன்னூருக்குக் கீழே நான் கிளார்க்காக இருந்த எஸ்டேட்டில், தொழிலாளர் கிளப் டி.வி.க்குக் கேபிள் சந்தா கட்டுவதை நிர்வாகம் நிறுத்திவிட்டது. சில வாரங்கள் கேரம் ஆடிச் சலித்தோம். பிறகு கோயம்புத்தூரிலிருந்து டிஷ் கம்பெனிக்காரர் ஒருவர் டிஜிட்டல் பெட்டியோடு வந்தார். தீபாவளிக்கு அடுத்த புதன்கிழமை அது. எங்கள் வீட்டு முறுக்கின் கடைசித் தட்டை அவருக்குத்தான் வைத்தோம், அதனால் கிழமையில் எனக்குச் சந்தேகமில்லை.

பெட்டியில் விளையாட்டு, ஜாதகம், சமையல் குறிப்பு, வினாடி வினா எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் ரிமோட்டில் பொத்தான்.

"எங்க கம்பெனி சோதனைக்குக் குடுக்கற பெட்டி. ஒரு வாரம் வெச்சுப் பாருங்க. இதையெல்லாம் நல்லாப் பயன்படுத்தினீங்கன்னா ஒரு வருஷத்துக்கு இலவசம். இல்லேன்னா கழட்டிட்டுப் போயிடுவேன்" என்றார்.

அடுத்த புதன்கிழமை மாலை அவர் திரும்பி வந்தபோது கிளப் நிறைந்திருந்தது. திரையில் ஒன்பது சிறு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு சேனல்; அம்புக்குறி நிற்கும் கட்டத்துக்கு மட்டும் சத்தம். கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள் சீரியல் கட்டத்தையும், ஃபேக்டரி ஆட்கள் கிரிக்கெட் கட்டத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் செய்திக் கட்டத்தில் இருந்தேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "சேனலைத் தேர்ந்தெடுக்கறதுக்கு வெச்ச பக்கம் சார் இது. இதையேவா பார்க்கறீங்க?"

"தேர்ந்தெடுத்தா சண்டை வருதுங்களே" என்றார் முன்வரிசையில் இருந்த அக்கா.

"வினாடி வினா?"

"பதிலை நாங்க பேசி முடிவு பண்றதுக்குள்ள அது அடுத்த கேள்விக்குப் போயிருதுங்க."

பெட்டி போய்விடும் என்று நினைத்தேன். அவர் பெருமூச்சோடு பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கழுத்தை நீட்டி, "கிரிக்கெட்டுக்குக் கொஞ்சம் சத்தம் வையுங்களேன்" என்றார்.

"ஏனுங்க, சத்தம் இப்ப எங்க முறை. விளம்பரம் வரட்டும்" என்றார் அக்கா, ரிமோட்டை மடியில் வைத்தபடி.

அவர் காத்திருந்தார். விளம்பரம் வந்தது. அக்கா ரிமோட்டை அவரிடமே கொடுத்தார். அவர் அம்புக்குறியைக் கிரிக்கெட் கட்டத்துக்கு நகர்த்தி, இரண்டு பந்து பார்த்துவிட்டு, செல்போனில் தன் ஆபீசைக் கூப்பிட்டார்.

"சார், எஸ்டேட் பெட்டி இங்கயே இருக்கட்டும். இல்ல சார், கேம் யாரும் ஆடல. ஜாதகமும் பார்க்கல. ஆனா நான் வந்ததுலருந்து ஒருத்தரும் எந்திரிக்கல. கட்டத்தை மட்டும் பெருசு பண்ண முடியுமான்னு கேளுங்க."

பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார். அக்கா கையை நீட்டினார்.

"பேசி முடிச்சுட்டீங்கன்னா ரிமோட்டைக் குடுங்க சார். சீரியல் வந்துருச்சு."