ரஷீதா பாஜியின் உருது

ஈரமான கம்பளித் துணியில் சூடான இஸ்திரிப்பெட்டி படும்போது ஒரு மணம் வரும்... நனைந்த ஆட்டைப் பக்கத்தில் கட்டி வைத்தது போல. மொன்றியலில் என் முதல் வேலை அந்த மணத்துக்குள்தான்.

எண்பதுகளின் கடைசி. சபனெல் தெருவில் கோட் தைக்கும் ஃபாக்டரி, ஐந்தாம் மாடி. எனக்கு இருபத்துநாலு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எட்டு மாதம். வில்லரே பகுதியில் அண்ணை வீட்டில் இருந்தேன்.

என் இடப்பக்க மெஷினில் ரஷீதா பாஜி. பாஜி என்றால் அவர்கள் பாஷையில் அக்கா. கராச்சியிலிருந்து வந்தவர், ஐம்பது தாண்டியவர். பொத்தான் துளை தைப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வலப்பக்க மெஷினில் பங்களாதேஷிலிருந்து வந்த நாஸ்மா அக்கா. அவருக்கு நாற்பது இருக்கும்.

பாஜி அவரை "நஜ்மா" என்றுதான் கூப்பிடுவார். அதுதான் சரியான உச்சரிப்பாம். "நாஸ்மா" என்பது கொச்சையாம். நாஸ்மா அக்கா மறுத்துச் சொல்லமாட்டார், திரும்பியும் பார்க்கமாட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து கத்தரிக்கோலைக் கைமாற்றிக் கொடுப்பது என் வேலையாகிவிட்டது.

சனிக்கிழமை காலையில் மூவரும் ஒரே பிரெஞ்சு வகுப்புக்குப் போவோம். ஒரு சேர்ச்சின் நிலவறை. ரீச்சர் மிஷெலின், இந்த ஊர்ப் பெண். ஒருநாள், கனடாவுக்கு வரமுன் என்ன செய்தோம் என்று எல்லோரையும் எழுந்து சொல்லச் சொன்னார்.

பாஜி ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். பாகிஸ்தான் பிறந்தபோது லக்னோவில் வீட்டை விட்டுவிட்டு வந்த குடும்பம். தகப்பனுக்கு ரயில்வேயில் வேலை, அப்போது கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த டாக்காவுக்கு மாற்றம். அங்கே ரயில்வே பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வயதில் பாஜி உருது ரீச்சர். நாட்டின் ஒரு பாதி இந்தப் பக்கம், மறுபாதி அந்தப் பக்கம், நடுவில் முழு இந்தியா. ஒரு பாஷை இருந்தால்தான் இரண்டும் ஒட்டிக்கொள்ளும் என்று பெரியவர்கள் சொன்னார்களாம், இவர்கள் நம்பினார்களாம். வகுப்புக்கு வராத பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கூட்டி வந்தாராம். வங்காளிப் பிள்ளைகள் முதல்முதலாக உருதுவில் பாடியபோது தனக்குக் கண் கலங்கியதாம்.

"என் வாழ்க்கையில் நல்ல காலம் அதுதான்" என்று வாசித்து முடித்தார். மிஷெலின் கைதட்டினார். நாங்களும் தட்டினோம்.

நாஸ்மா அக்கா தட்டவில்லை. தன் முறை வரமுன்னமே எழுந்துவிட்டார். அவர் அன்று பேசிய பிரெஞ்சில் வினைச்சொற்கள் எல்லாமே பிழை. ஆனாலும் ஒருவருக்கும் விளங்காமல் போகவில்லை. என் தமிழில் சொன்னால் இப்படி:

"நான் அப்பிடி ஒரு வகுப்பில இருந்தனான். எனக்கு எட்டு வயசு. வங்காளத்தில ஒரு சொல்லுக் கதைச்சதுக்கு ரீச்சர் பிரம்பால விரல் மொளியில அடிச்சவ. என்ர பாஷையில என்ன பிழை எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியேல்லை."

என் அப்பா கொழும்பில் கிளார்க்காக இருந்தவர். சிங்களம் படித்துச் சோதனை பாஸ் பண்ணினால்தான் வேலையில் இருக்கலாம் என்று வந்தபோது, எழுதமாட்டேன் என்று ஊருக்குத் திரும்பியவர். நான் வளர்ந்த வீட்டில் அந்தக் கதையைத்தான் சோற்றோடு சாப்பிட்டோம். அதனால் எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் நாஸ்மா அக்காவுக்குப் பக்கத்தில் போட்டேன்.

பாஜி தாளை மடிக்கப் பார்த்தார். மடிப்பு கோணலாக விழ, விரித்து மறுபடி மடித்தார்... நான் கதிரையைத் தூக்காமல் இருந்திருக்கலாம்.

இரண்டு கிழமை ஃபாக்டரியில் மெஷின்கள் மட்டும்தான் பேசின.

பிறகு ஒரு மத்தியானம், நாஸ்மா அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பாஜி வந்து முன்னால் உட்கார்ந்தார். எங்கள் பேச்சு அரை இங்கிலிஷ், அரை பிரெஞ்சு, மிச்சம் கை.

"நானும் அடிச்சிருக்கிறன்," என்றார் பாஜி. "நல்லது செய்யிறன் எண்டு நினைச்சுத்தான் அடிச்சனான்."

நாஸ்மா அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பாஜி எழும்பிப் போகவில்லை. வங்காள எழுத்தைத் தனக்குச் சொல்லித் தரமுடியுமா என்று கேட்டார்.

"அதெல்லாம் வேண்டாம் பாஜி. என்ர பேரை நான் சொல்லுற மாதிரிச் சொல்லுங்கோ. அதுவே காணும்."

அவர் வாயிலிருந்து 'பாஜி' என்று வந்ததை அன்றுதான் முதல் தடவை கேட்டேன். பாஜி சொல்லிப் பார்த்தார். முதலில் "நஜ்மா" என்றே வந்தது. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார் நாஸ்மா அக்கா, ரீச்சர் மாதிரி. மூன்றாம் தரம் "நாஸ்மா" சரியாக வந்தது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு ஃபாக்டரியை மூடினார்கள். நான் கலியாணம் முடித்து, மொன்றியலிலேயே லாசால் பக்கம் வந்துவிட்டேன். பெருநாளுக்கு ஒரு ஃபோன், பொங்கலுக்கு ஒரு ஃபோன் என்று வருடங்கள் ஓடிவிட்டன.

போன வருடம் நாஸ்மா அக்கா எனக்கு ஃபோன் எடுத்தார். பாஜி ஆஸ்பத்திரியில் என்றார். தொண்ணூறு தாண்டிவிட்டது, ஸ்ட்ரோக். பிரெஞ்சும் இங்கிலிஷும் துடைத்தது போலப் போய்விட்டன. உருது மட்டும் மிச்சம். பேரப்பிள்ளைகளுக்கு அது தெரியாது, மகன் வேலை முடிந்துதான் வருவார். அதனால் நாஸ்மா அக்கா, தானும் எழுபத்தைந்து தாண்டிய வயதில், தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் வேண்டுமா, எங்கே நோகிறது என்று உருதுவில் கேட்டு, நேர்ஸுக்குப் பிரெஞ்சில் சொல்கிறார்.

"உங்களுக்கு இன்னும் உருது ஞாபகம் இருக்கோ அக்கா?" என்று கேட்டேன்.

"அடி வாங்கிப் படிச்சது. மறக்குமே?" என்றார். குரலில் கோபம் இல்லை. "பாஜிட்டயும் சொன்னனான், உங்கட ஆக்கள் நல்லாத்தான் படிப்பிச்சிருக்கினம் எண்டு. அவ என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கனநேரம் விடேல்லை."

இரண்டு கிழமையில் பாஜி போய்விட்டார்.

இப்போது என் அப்பார்ட்மெண்டில் எத்தனையோ நாட்டுக்காரர். எல்லோருக்கும் பிரெஞ்சு தண்ணி பட்ட பாடு. லிஃப்டில் ஒரு பொன்ஜூர், இறங்கும்போது ஒரு மெர்சி... அவ்வளவுதான், கண் ஃபோனுக்குப் போய்விடும்.

அன்றைக்கு எங்கள் மூவருக்கும் பொதுவாக ஒரு முழு மொழி இருக்கவில்லை. ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் பிடிக்கும். அந்த அரை மணித்தியாலமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம்.