பள்ளிக்கூடத்தில் கொடுத்த பிறந்த தேதி

என் மகளுக்கு வருஷத்தில் இரண்டு பிறந்தநாள். வீட்டில் பிப்ரவரி, காகிதத்தில் மே. ஹூஸ்டனுக்கு வந்த பிறகு பள்ளித் தோழிகள் மே மாதம் கேக் வாங்கி வருவார்கள். பிப்ரவரியில் அவள் அம்மா பாயசம் வைப்பாள். ரொம்ப நாள் இதை வேடிக்கையாகத்தான் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

செய்தது நான்தான். ஈரோட்டில் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது நாலு வயது நாலு மாதம். ஐந்து முடிந்திருக்க வேண்டும். வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொன்னார் தலைமையாசிரியர். எக்கி எக்கித் தொட்டுவிட்டாள். "முந்தின வருஷம் மே மாசம்னு போட்டுக்கலாங்களா?" என்று என்னைக் கேட்டார். போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு வருஷம் வீணாகக் கூடாதாம். எந்த ரயிலைப் பிடிக்கப் போனேனோ தெரியவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான், யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. அந்தத் தேதிதான் பாஸ்போர்ட்டுக்குப் போனது, விசாவுக்குப் போனது, கடைசியில் எங்கள் மூன்று பேரின் கிரீன் கார்டு மனுக்களுக்கும் போனது. ஒவ்வொன்றிலும் எல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போட்டிருந்தேன்.

மனு போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தோம். பிள்ளைக்கு இருபத்தொரு வயது ஆவதற்குள் முடிந்தால் பெற்றோருடன் சேர்த்துக் கார்டு கிடைக்கும். தாண்டிவிட்டால் சட்டத்தின் கணக்கில் அது பிள்ளையே இல்லை. இன்டர்வியூவுக்கு அக்டோபரில் நாள் குறித்துக் கடிதம் வந்தது. காகிதத்தில் அவளுக்கு மே மாதமே இருபத்தொன்று ஆகியிருந்தது. நிஜத்தில் இன்னும் நாலு மாதம் பாக்கி.

ஹில்கிராஃப்ட் தெருவில் மளிகைக் கடைக்கு மேலே உட்கார்ந்திருந்த வக்கீலம்மா சுற்றி வளைக்கவில்லை. தேதி தப்பு என்று இப்போது சொன்னால், இத்தனை வருஷம் போட்ட கையெழுத்தெல்லாம் பொய் ஆகும், மூன்று பேர் மனுவும் போகலாம் என்றார். சொல்லாவிட்டால் மகளுடையது மட்டும் போகும். அவள் மாணவர் விசாவில் காலேஜை முடிக்கலாம், அப்புறம் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். யோசித்துக்கொள்ளுங்கள் என்று ஃபைலை மூடினார்.

என் தம்பி நகராட்சி ஆபீஸுக்கு நடையாய் நடந்து, பிறப்புப் பதிவின் நகலை வாங்கி அனுப்பினான். பிப்ரவரி என்று தெளிவாக இருந்தது.

மகள் பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் என்று ஒரு பாடம் படித்தவள். காங்கிரஸ் சட்டம் போடும், ஜனாதிபதியின் ஆட்கள் நடத்துவார்கள், கோர்ட் சரிபார்க்கும் என்று சாப்பிடும்போது ஒப்பிப்பாள். இதில் நான் யார் காலில் போய் விழுவது என்று கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, "பேப்பர்ல என்ன இருக்கோ அதத்தான்ப்பா எல்லாரும் பாப்பாங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், இல்லை அழுகையாவது. ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி மரத்துக் கிடந்தேன். ஆபீஸ் போனேன், வந்தேன், புல் வெட்டினேன்.

இன்டர்வியூ அன்று காலை ஃப்ரீவேயில் போகும்போது, "நான் உண்மையைச் சொல்லிடறேன் கண்ணு" என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அதிகாரி மரியாதையான ஆள். மூன்று பேரையும் வலது கையைத் தூக்கச் சொல்லி, உண்மையே பேசுவோம் என்று சத்தியம் வாங்கினார். நகராட்சி நகல் என் சட்டைப்பையில் இருந்தது. அவர் முதலில் எடுத்தது மகளின் ஃபைலை. பெயர் கேட்டார், பிறந்த தேதி கேட்டார். நான் பைக்குள் கையை விடுவதற்குள் அவள் சொல்லிவிட்டாள். மே மாதம், தேதி, வருஷம், எல்லாம் நிறுத்தி நிதானமாக.

நான் குறுக்கே பேசியிருக்கலாம். என் முழங்காலை மேஜைக்கு அடியில் மனைவியின் கை அழுத்திப் பிடித்தது. எழுதவே கூசுகிறது. அந்தக் கை பட்டதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அதிகாரி இரண்டு முறை கணக்குப் பார்த்தார். வயது தாண்டிவிட்டது, தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, வருந்துகிறேன் என்று அவளிடம் சொன்னார். பரவாயில்லை என்றாள் அவள். பிறகு எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்து முத்திரை குத்தி, அமெரிக்காவுக்கு நல்வரவு என்று சிரித்துக் கை நீட்டினார்.

கையைப் பிடித்துக் குலுக்கி, தேங்க்யூ சார் என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கும் கேட்டிருக்கும்.