கைக்குட்டைக்குள் நற்கருணை

நவம்பர் மழையில் எங்கள் குடும்பம் ஒன்றுகூடும். ஆத்துமாக்கள் திருநாளன்று தம்பி குடும்பம் கொழும்பின் மறுபக்கத்து வெள்ளவத்தையிலிருந்து நான் இருக்கும் கொட்டாஞ்சேனைக்கு வரும். பூசை கண்டு, சேமக்காலைக்குப் போய் அப்பா அம்மாவின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, என் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. டிசம்பரில் வரும் நத்தார்ப் பண்டிகை யார் வீட்டில் என்பதும் அந்தச் சாப்பாட்டில்தான் முடிவாகும்.

தம்பியின் மனைவி சைவக் குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் பெற்றவள். இருபது வருடங்களுக்கு மேலாக நான் அவளை நம்பவில்லை. சிலுவை போடும்போது கை தயங்குகிறதா, வெள்ளிக்கிழமையில் மச்ச மாமிசம் தொடாதது நம் ஆண்டவருக்காகவா அவளுடைய அம்மனுக்காகவா என்றெல்லாம் உளவு பார்த்தேன்.

நான்கு வருடங்களுக்கு முந்திய திருநாளில் நற்கருணை அப்பம் வாங்க எனக்கு முன்னால் நின்றாள். கொரோனாவுக்குப் பிறகு கையில்தான் தருகிறார்கள். வாங்கிய கை வாய்க்குப் போகவில்லை. இடத்துக்குத் திரும்பியதும் கைக்குட்டை வெளியே வந்தது; பிறகு கைப்பை மூடிக்கொண்டது. நற்கருணையைச் சூனியத்துக்குத் திருடுவார்கள் என்று சிறுவயதில் கேட்ட கதைகள் எல்லாம் எனக்குள் எழுந்தன. சேமக்காலையில் நான் செபிக்கவில்லை. அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாப்பாட்டு மேசையில், எல்லோருக்கும் முன்னால் கேட்டேன்.

"பிள்ளை, உன்ர பையைத் திற பாப்பம். ஆருக்குக் குடுக்க எடுத்தனீ?"

"அண்ணை, வாயை அளந்து கதையுங்கோ" என்றான் தம்பி.

அவள் கைக்குட்டையை விரித்தாள். அப்பம் உடையாமல் இருந்தது.

"அக்காவுக்கு, அத்தான். ஃபாதர் வீட்டுக்கு மாசத்தில ஒருக்காத்தானே வாறார். இண்டைக்கு வேணுமெண்டு விடியத் துவக்கம் அழுதவ. கொண்டு போகக்கூடாதெண்டு எனக்கு ஆரும் சொல்லித் தரேல்லை."

அக்கா எங்கள் மூத்த சகோதரி. கல்யாணம் செய்யாதவர். பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து படுத்த பிறகு, என் வீடு கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தும் வீட்டுப் படிகளைச் சாக்காகச் சொல்லி நான் கைகழுவ, அவரைத் தம்பி வீட்டில் வைத்துக் குளிப்பாட்டி உணவூட்டியவள் இவள்தான்.

அப்போதும் நான் நம்பவில்லை. அவளுக்கு முன்னாலேயே தொலைபேசியில் அக்காவை அழைத்து விசாரித்தேன்.

"ஓமடா, நான்தான் கேட்டனான்" என்றார் அக்கா. "நீ ஒரு நாளாவது ஃபாதரைக் கூட்டிக்கொண்டு வருவாய் எண்டு பாத்து அலுத்துப் போனன்."

நான் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய் சுவாமியாரிடம் நடந்ததைச் சொல்லி ஒப்படைத்தேன். திருச்சபை முறைப்படி அது சரி. "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் உங்களோட ஆட்டோவில வெள்ளவத்தைக்கு வந்திருப்பனே" என்றார் அவர். அன்றைக்கும் நான் அவரைக் கூப்பிடவில்லை. திரும்பி வந்தபோது மேசையில் சோறு அப்படியே கிடந்தது. தம்பி குடும்பம் போய்விட்டிருந்தது. அந்த வருடம் நத்தார் யார் வீட்டில் என்று எவரும் கேட்கவில்லை.

இப்போது மீண்டும் வருகிறார்கள். ஆனால் நற்கருணை நேரத்தில் அவள் எழும்புவதில்லை. இந்த நவம்பரில் கோயில் வாசலில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நான் ஒண்டும் மனசில வைக்கேல்லை, அத்தான்" என்றாள். "நீங்கள் நிக்கிற இடத்தில வாங்கத்தான் மனம் வருகுதில்லை. வெள்ளவத்தையில வாங்கிறனான்."

உண்மையில் வாங்குகிறாளா என்று அந்தக் கணத்திலும் எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதை மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை.