எனக்கா அவசரம்?

மண்சரிவில் எங்கள் லயத்து வீடு போய் நான்கு மாதமாகியும், மாற்று வீட்டுப் பட்டியலில் என் பெயர் ஏறவில்லை. மனைவியோடு பள்ளிக்கூட முகாமில் கிடந்தேன். நல்லேப்பிள்ளி வயல், அகளி சந்தை, மூணாறு எஸ்டேட் என்று பாதி வயதை அலைந்தே கழித்தவன் நான். எங்கும் தமிழ் ஆட்களோடுதான் வேலை; மலையாளம் அரைகுறை. பட்டினிகூடப் பழகிவிட்டது. வில்லேஜ் ஆபீஸ் வரிசைதான் பழகவில்லை.

ஐந்தாவது முறையாக ஆபீஸ் ஜன்னலில் மனுவை நீட்டினேன். அதிகாரி அம்மா கணினியைப் பார்த்துவிட்டு, “சேட்டா, ஒரு அவசரம் கூடி உண்டு,” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நாலு மாசமா நாயா அலையுறேன், எனக்கா அவசரம்?” என்று கத்தி, மனுவைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறினேன்.

வரிசையில் நின்ற கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி பின்னாலேயே ஓடி வந்தாள். “அண்ணே, கூறு இருக்கா உங்களுக்கு? மலையாளத்துல அவசரம்னா வாய்ப்புண்ணே. இன்னொரு வாய்ப்பு இருக்குன்னுல்ல அந்தம்மா சொல்லுது! மனு குடுக்க இன்னிக்குத்தான் கடைசி. எனக்கு இது ஏழாவது நடை. நானே கத்தல, உங்களுக்கென்ன?”

யானை நிற்கும் பாதையில் தனியாக நடந்திருக்கிறேன். வாசலிலிருந்து அந்த ஜன்னலுக்குப் பத்தடி நடக்கக் கால் வரவில்லை. வரிசை முழுவதும் என்னையே பார்த்தது. எப்படியோ போய், கசங்கிய மனுவை நீவிக் கொடுத்தேன்.

“தெரியாமப் பேசிட்டேம்மா.”

அவர் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. “இரிக்கு,” என்று பெஞ்சைக் காட்டினார்.

சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். பெயர் ஏறியது. வீடு இன்னும் வரவில்லை. எரிச்சல் வரத்தான் செய்கிறது. கோபித்துக்கொண்டு கிளம்புவதையே இத்தனை வருடம் தைரியம் என்று நினைத்திருந்தேன். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.