லோகம்மாளுக்கு அக்கா சொன்ன பதில்

அக்கா அவர்கள் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம். நாலு பேர் நடுவில் பேசிப் பழக்கமில்லாதவன் நான். பேசச் சொல்லியிருந்தால் ஓடியிருப்பேன். எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

அக்கா சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தார். அப்பாவுக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் குவார்ட்டர்ஸுக்கு வந்தோம். அக்கா எட்டாவது படிக்கும்போது அப்பா காலமானார். அம்மாவுக்குக் கேன்டீனில் வேலை கொடுத்தார்கள். நான் பத்தாவதோடு நின்று, பிறகு குக்கர், ஸ்டவ் ரிப்பேர் கடை வைத்தேன். அக்கா தினமும் ரயிலில் போய்ப் படித்து, வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்து, பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடம் ஒன்றில் சேர்ந்தார். கனரக வண்டிகளில் எண்ணெய் ஒழுகாமல் பிடிக்கும் ரப்பர் வளையங்கள்தான் அவர் ஆராய்ச்சி. அதற்குமேல் வெளியே சொல்லக் கூடாதாம்.

"ஆபீஸ்ல என்னக்கா பண்றே?" என்று கேட்டால், "ரப்பரை வேக வைக்கிறேன்டா" என்பார். அம்மாவும் கேட்டவர்களிடமெல்லாம் அதையே பெருமையாகச் சொல்லி வைத்தார்.

எண்பதுகளின் கடைசியில் பருத்திப்பட்டு மாதர் சங்கத்தில் அக்காவைப் பேச அழைத்தார்கள். வண்டியைப் பற்றிப் பேச முடியாது. அதனால் என் கடையிலிருந்து பழைய குக்கர் கேஸ்கட்டுகளை ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கூட்டத்தின் கடைசியில் நின்றேன்.

முதலில் தன் வேலையைப் பற்றிச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் வந்து, "சைன்டிஸ்ட் எங்கேம்மா?" என்றாராம். "நான்தான்." "அது சரிம்மா, சார் எங்கே?" பெண்கள் சிரித்தார்கள். பிறகு கேஸ்கட்டைக் கையில் பிடித்து, ரப்பர் ஏன் நாளாக ஆகத் தளர்கிறது என்று சொன்னார்.

அப்போது எருமை வளர்க்கும் லோகம்மாள் எழுந்தார். "ஏம்மா, கேஸ்கட்டு லூசாச்சுன்னா நான் சோடாக் கடையில துண்டு ஐஸ் வாங்கி, தண்ணியில போட்டு, அதுல கேஸ்கட்ட கொஞ்ச நேரம் ஊற வெச்சு எடுப்பேன். அப்பால கப்புனு புடிச்சிக்குது. அது இன்னாத்துக்கு?"

அக்கா சிரித்தபடி, "அடுப்புல வெச்சதும் சூடாகிப் பழையபடி ஆயிடுமேம்மா. அது உங்க மனப்பிரமை" என்றார்.

பக்கத்திலிருந்த பெண், "இன்னா லோகு, எருமைய ஐஸ்ல முக்கினா பாலு கெட்டியா வருமா?" என்றதும் கூட்டமே சிரித்தது.

"நான் இன்னா பொய்யா சொல்லிகினு கீறேன்?" என்றார் லோகம்மாள். பிறகு, "படிச்சவங்க சொன்னா சர்தான்" என்று உட்கார்ந்தார். டீ வருவதற்குள் போய்விட்டார்.

திரும்பும் வழியில் அக்கா கேட்டார். "உன் கடைக்கு வர்றவங்க இப்படிப் பண்றாங்களாடா?"

"நானே சொல்லி அனுப்புவேன்க்கா. புதுசு வாங்கற வரைக்கும் ஓடும்."

"அங்கேயே சொல்லியிருக்கலாமேடா!"

"அத்தனை பேர் நடுவுலயா?"



ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறை ஆய்வுக்கூடமாயிற்று. ஐஸில் போட்டது, போடாதது என்று மாற்றி மாற்றிக் குக்கரை வைத்துப் பார்த்தார். மதியம் சாதமே ஆகவில்லை. மாலையில், "லோகம்மா சொன்னது நிஜம்டா!" என்று கூவினார். குளிர்ந்த ரப்பர் சற்றுச் சுருங்கி விறைக்கிறது. அது சூடாகித் தளர்வதற்குள் ஆவி சேர்ந்து ரப்பரை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. முதல் சில நிமிடம் பிடித்தால் போதும்.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்லப் போவதாக அக்கா சொன்னதும் சங்கத்துச் செயலாளர் அம்மா தடுத்தார். "விட்டுடுங்க மேடம். பொம்பளைக்கு என்ன தெரியும்னு சொல்றவங்க ஏற்கெனவே இருக்காங்க. தப்பா சொல்லிட்டேன்னு நீங்களே நின்னா, அப்புறம் யார் கேப்பாங்க?"

அக்கா இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. பிறகு என்னிடம், "அந்தம்மா எல்லார் முன்னாடியும் தலை குனிஞ்சாங்க. நானும் எல்லார் முன்னாடியும்தான் சொல்லணும்" என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு லோகம்மாள் வரவில்லை. அக்கா என்னை அனுப்பினார். மாட்டுக் கொட்டகையில் நின்று, "அக்கா கூப்பிடறாங்க" என்றேன்.

"இன்னாத்துக்கு நைனா? இன்னொரு தபா சிரிக்கவா?"

"இல்லீங்க. நீங்க சொன்னது சரி. எனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சிகினே கம்முனு நின்னியா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

அக்கா எல்லோர் முன்பும், "போன மாசம் நான் சொன்னது தப்பு" என்று தொடங்கிக் காரணத்தை விளக்கினார்.

"அப்போ நானும் சைன்டிஸ்ட்டா?" என்றார் லோகம்மாள்.

"நீங்கதாம்மா கண்டுபிடிச்சீங்க. ஏன்னு மட்டும்தான் நான் பார்த்தேன்."

அன்று கேள்விகள் நிற்கவே இல்லை. வெள்ளானூர், பாரிவாக்கம் என்று பல இடங்களில் கூப்பிட்டார்கள். தெரியாததைக் கேட்டால், "தெரியலம்மா, பார்த்துச் சொல்றேன்" என்று நோட்டில் குறித்துக்கொள்வார். சொன்னபடி மறுபடியும் போய்ப் பதில் சொல்வார்.

சிறுநீரகக் கோளாறில் அக்கா படுத்த நாட்களில் உடனிருந்து பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், முறை வைத்து வந்த அலுவலகத் தோழிகளுக்கும், கடைசிவரை பால் கொண்டுவந்த லோகம்மாளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கடைசி மாலையில் ஒரு செவிலியர், "மேடம், பழைய ரப்பர் பேண்ட்ல ஒண்ணு பிசுபிசுக்குது, இன்னொண்ணு மொறுமொறுன்னு உடையுது. ஏன்?" என்று கேட்டார். "நாளைக்கு வாம்மா, படம் போட்டுச் சொல்றேன்" என்றார் அக்கா. மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார்.

காரியம் முடிந்தபின் அக்காவின் அலுவலகத் தோழி ஒருவரிடம் அதற்குப் பதில் கேட்டுத் தெரிந்துகொண்டு மருத்துவமனைக்குப் போனேன். ரப்பர் நீள நீளமான இழைகளால் ஆனது, நாளாகி அவை அறுந்தால் பிசுபிசுக்கும், ஒன்றோடொன்று அதிகமாகப் பிணைந்தால் உடையும் என்றேன். கேள்வி கேட்ட செவிலியரும் இன்னொருவரும் நின்று கேட்டார்கள்.

"சரிண்ணா, ஒண்ணுல மட்டும் ஏன் அறுந்துபோகுது?"

"தெரியலம்மா. பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பதிலோடு போனேன்.