சிவப்பு விளக்குக்காக நான் வாதாடிய ஞாயிறு

முயல் சுடுவதற்கு ஒரு விளக்கு வேண்டும் என்று அண்ணன் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. ஆஸ்திரேலியாவில் கேரட் விளையும் பண்ணையொன்றில் அவன் வேலை செய்துகொண்டிருந்தான். நாங்கள் பினாங்கில், ஜெலுத்தோங் அடுக்குமாடியில், அப்பாவின் கைப்பேசியைத் தண்ணீர்ப் புட்டியின்மேல் சாய்த்துவைத்து, அதன்முன் மூவரும் நெருங்கி உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான்.

"முயலையா சுடப் போற? பாவம்டா," என்றார் அம்மா.

"பாவமா? இங்க வந்து பாருங்கம்மா. ஒரே ராத்திரில ரெண்டு வரிசை காலி. பாஸ் மூஞ்சியப் பாக்க முடியல."

பண்ணை முதலாளி தம் துப்பாக்கியை அவனிடம் ஒப்படைத்திருந்தார்; அதற்கான உரிமமும் எடுத்தாயிற்று. துப்பாக்கியின்மேல் குறிபார்க்கும் ஸ்கோப் இருந்தது. அந்த ஸ்கோப்பின் முதுகில் பொருத்தும் விளக்குத்தான் இல்லை.

"வக்கீலம்மா, நீதான் நெட்ல தேடித் தேடிப் படிப்பியே. எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு. ஆனா எனக்கு வெள்ள லைட்டே போதும்னு தோணுதுலா."

அந்த 'ஆனா' என்ற சொல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது. எதிரணி தன் நிலைப்பாட்டை அறிவித்துவிட்டதாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

நான் பேச்சுப் போட்டி மேடைகளில் வளர்ந்தவள். பன்னிரண்டு வயதில் ஒலிவாங்கியைப் பிடித்த கை, இருபத்திரண்டு வயதுவரை அதை விடவில்லை. இறுதிச் சுற்றில் தோற்றது இரண்டே முறை. இரண்டிலும் பிழை நடுவர்களுடையது என்று அப்போது உறுதியாக நம்பினேன். ஆகவே ஒரு விளக்கைத் தேர்ந்தெடுப்பதையும் ஒரு தலைப்பாகவே எண்ணி ஒரு வாரம் உழைத்தேன். வேட்டைக்காரர்கள் எழுதியவற்றைப் படித்து, வழக்கம்போல் குறிப்பு அட்டைகளில் எழுதி அடுக்கினேன். கனமான விளக்கு ஸ்கோப்பை அசைத்துக் குறியைப் பிசகச் செய்யும். ஒளி குறுகினால் தூரம் எட்டும். விரிந்தால் சுற்றுப்புறம் தெரியும். அழுத்தும் பித்தானைக் கம்பி வழியே துப்பாக்கியின் மரக்கட்டைக்குக் கொண்டுவந்து ஒட்டிவிட்டால், ஓசையின்றி எரியவைக்கலாம். வெள்ளை ஒளி பட்டவுடன் முயல் துள்ளி ஓடும். பச்சை நம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் முயலின் கண்ணுக்கும் தெரியும். சிவப்பை மட்டும் அது பொருட்படுத்தாது.

ஒன்பதாவது அட்டையில் வேறொன்றை எழுதியிருந்தேன். யாரோ ஒருவர் விளக்குக் கடையின் பக்கத்தில் இட்டிருந்த கருத்து அது. சிலருடைய கண்ணுக்குச் சிவப்பு ஒளி மிக மங்கலாகவே தெரியும்; வாங்குமுன் ஒருமுறை எரியவைத்துப் பாருங்கள் என்று அவர் எழுதியிருந்தார். என் அணிக்குப் பாதகமான அட்டையை அடுக்கின் அடியில் வைப்பது என் பழக்கம். எதிரணி கேட்டால் எடுக்கலாம். கேட்காவிட்டால் நாமாகச் சொல்ல வேண்டியதில்லை. அதையும் அடியில் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு நான் பேசினேன். எழுந்து நின்றே பேசினேன். முதலில் கனம், பிறகு ஒளி எட்டும் தூரம், பிறகு பித்தான், இறுதியாக நிறம். அண்ணன் மரவீட்டு வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய தோளுக்குமேல் பண்ணை நாய் மூக்கை நீட்டித் திரையை முகர்ந்தது. செம்பழுப்பு நிறப் பெட்டை நாய். முதலாளியுடையதுதான், ஆனால் வந்த முதல் மாதமே அண்ணனுடைய வாசலில் படுக்கத் தொடங்கிவிட்டது. அவன் அதைக் குட்டி என்று அழைத்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா, "மருமக வரல, பேரப்புள்ள வந்துருச்சு," என்பார். வீட்டில் அவனுடைய திருமணப் பேச்சு அந்த அளவில்தான் நின்றிருந்தது.

"எல்லாம் சரி பாப்பா," என்றான் அண்ணன். "எனக்கு வெள்ளதான் வசதி. பழகிருச்சு."

"பழக்கம் ஒரு காரணமா? முயல் ஓடிப்போச்சுன்னா உன் பழக்கத்த வச்சு என்ன பண்ணுவ?"

அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "மாட்டிக்கிட்டான்!"

"இல்லப்பா, சிவப்புல அவ்வளவு தெளிவா..." என்று தொடங்கினான்.

"தெளிவு கண்ணுல இல்ல, பயிற்சில இருக்கு," என்றேன். என்ன அழகான வாக்கியம்! அதன் பொருள் எனக்கே தெரியாது. ஆனால் அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பெருமையோடு பார்த்தார்.

"அவ சொல்றதக் கேளுடா," என்றார் அப்பா. "படிச்சவ. நீ அப்பவே ஒழுங்காப் படிச்சிருந்தா முயலோட மல்லுக்கட்ட வேண்டி வந்திருக்குமா?"

அண்ணன் சிரித்தான். அந்தப் பேச்சு அவனுக்குப் புதிதன்று. பள்ளியை முடித்தபின் மின்னியல் பயிற்சிக் கல்லூரியில் அவனுக்கு இடம் கிடைத்து, சேர்வதற்குள் கைநழுவிப் போயிற்று. எதையோ உரிய நாளில் அனுப்ப மறந்துவிட்டேன் என்று வீட்டில் சொன்னான். சோம்பேறி என்ற பெயர் அன்றிலிருந்து அவனோடு ஒட்டிக்கொண்டது. அதை ஒட்டியவர்களில் நானும் உண்டு. சுங்கை பாக்காப்பில் நடந்த பேச்சுப் போட்டியொன்றில், வெற்றிக்குக் காரணம் உழைப்பே என்று வாதிட்டபோது, "என் உடன்பிறந்த அண்ணனே கவனக்குறைவால் தன் எதிர்காலத்தைக் கைவிட்டவர்," என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். அவை உருகியது. மூன்றாவது வரிசையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான்; அவன்தான் என்னை மோட்டார் சைக்கிளில் அழைத்து வந்திருந்தான். முதலில் கைதட்டியவனும் அவனே. திரும்பும் வழியில், தீவுக்கு வரும் பாலத்துக் காற்றில், கோப்பை என் மடியில் இருந்தது. "நல்லா பேசுன பாப்பா," என்றான்.

விளக்கின் விஷயத்திலும் அப்படித்தான். "சரிலா, நீ ஜெயிச்ச," என்றான். நான் சொன்ன சிவப்பு விளக்கையே வாங்கி, ஸ்கோப்பில் பொருத்திப் படம் அனுப்பினான். நான் கட்டைவிரல் உயர்த்திப் பதில் அனுப்பினேன்.

மூன்றாவது ஞாயிறு அவன் மட்டும் திரையில் தெரிந்தான்.

"பேரப்புள்ள எங்கடா?" என்றார் அம்மா.

"செத்துருச்சும்மா. நாந்தான் சுட்டுட்டேன்."

முயல் சுடப் போகும் இரவுகளில் கொட்டகையில் கட்டிவைக்கும் நாய் அது. கயிற்றை அறுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே வந்திருக்கிறது. செடிகளுக்கிடையில் தாழ்வாக இரண்டு கண்கள் மின்னின. முயல் என்று நினைத்துவிட்டான். இதைச் சொல்லும்போது அவன் குரல் சீராகவே இருந்தது. முதலாளி திட்டவில்லை, தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார் என்றான். அதற்குப் பிறகுதான் குரல் உடைந்தது.

அந்த மாதமே அவன் பண்ணையை விட்டு, வேறொரு ஊரில் பழம் அடுக்கும் கூடத்தில் சேர்ந்தான். ஞாயிறு அழைப்புகள் நின்றன. 'வேலை', 'தூங்கிட்டேன்' என்று ஒற்றைச் சொற்கள் வந்தன. அம்மா கைப்பேசியைப் புட்டியில் சாய்த்துவைத்துக் காத்திருந்துவிட்டு, எடுத்துவைப்பார்.

எனக்குள் ஒன்பதாவது அட்டை உறுத்தத் தொடங்கியிருந்தது. ஒரு நாள், வீட்டில் யாரும் இல்லாத நண்பகலில், அவனை அழைத்தேன். ஐந்தாவது முறை எடுத்தான்.

"அண்ணே, அந்தச் சிவப்பு வெளிச்சம் உனக்கு எப்படித் தெரிஞ்சுது? உண்மையச் சொல்லு."

"எனக்குச் சிவப்பு சரியாத் தெரியாது பாப்பா," என்றான். "அந்த லைட்ட அடிச்சா, அடிக்காத மாதிரிதான் இருக்கும். கண்ணு ரெண்டும் லேசா மின்னுச்சு. அதோட கழுத்துப் பட்டகூட எனக்குத் தெரியல."

மின்னியல் பயிற்சியில் சேருமுன் கண் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். "புள்ளி புள்ளியா ஒரு புக்கு காட்டுனாங்க. அதுக்குள்ள நம்பர் இருக்காம். எனக்குப் புள்ளிதான் தெரிஞ்சுது." கம்பிகளின் நிறம் பிரித்தறிய முடியாதவனுக்கு மின்னியலில் இடமில்லை. எதையும் அனுப்ப அவன் மறக்கவில்லை.

"ஏண்ணே வீட்டுல சொல்லல?"

"அம்மா வழியா வர்றதுன்னு டாக்டர் சொன்னாரு. அவங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும், யோசிச்சுப் பாரு. என்னால என் புள்ள கெட்டான்னு சாகுற வரைக்கும் அழுவாங்க. அதுக்கு நான் சோம்பேறியாவே இருந்துட்டுப் போறேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. லைட்டு வாங்கும்போதாவது..."

"சொல்ல வந்தேன். நீ பேசிக்கிட்டு இருந்த."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லியிருப்பேன். நடந்ததை நடந்தபடி சொன்னான், அவ்வளவுதான். அம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் உறுதி வாங்கிக்கொண்டுதான் அழைப்பைத் துண்டித்தான்.

அடுக்கை எடுத்து, அடியிலிருந்த அட்டையை மேலே வைத்தேன். அது பென்சிலில் எழுதியது. மற்ற எட்டும் மையில்.

இன்றும் ஞாயிறுகளில் அம்மா அந்தப் பேச்சை எடுக்கிறார். "ஒரு நாயா முயலான்னு பாக்க மாட்டானா? சின்னதுலேருந்து எதுலயும் கவனம் கெடையாது," என்கிறார். அந்தக் கூற்றை உடைக்கும் சான்று என் கையில் இருக்கிறது. ஒரே வாக்கியம் போதும். அதைச் சொன்னால் அண்ணன்மீதுள்ள பழி விலகும். விலகி அம்மாவின் தலையில் விழும். அவன் அதைத் தடுக்கத்தான் இத்தனை வருடம் சுமந்தான்.

ஒரு முறை, உறுதியை மீறாமல் சொல்லக்கூடியதை மட்டும் சொன்னேன். "அம்மா, அவன் மேல தப்பில்ல. அந்த லைட்ட நாந்தான் தேர்ந்தெடுத்தேன். அவன் வெள்ளதான் கேட்டான். நாந்தான் விடல."

அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நீ நல்லதத்தானே சொன்ன? ஒரு வாரம் ஒக்காந்து படிச்சு சொன்ன. அத ஒழுங்கா வச்சுக்கத் தெரியலன்னா அவன் தப்பு. நீ ஏன் அவனுக்காகப் பேசுற?"

அப்பாவும் தலையாட்டினார். அவையில் இருவர், இருவரும் என் பக்கமே தீர்ப்பளித்தார்கள்.

அம்மா கைப்பேசியை என் பக்கம் தள்ளினார். "நீ கூப்பிட்டா எடுப்பான். பேசி அவன வரச் சொல்லு. நீ பேசுனா கேப்பான்."

அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரையில், அழைப்புக்கான படமாக, அவன் இன்னும் மாற்றாமல் வைத்திருக்கும் குட்டியின் முகம். கழுத்தில் அந்தப் பட்டை. நல்ல சிவப்பு. எங்கள் மூவருக்கும் தெளிவாகத் தெரிந்தது.