லைசென்ஸ் வேறு, இன்ஸ்பெக்‌ஷன் வேறு

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கச் சேர்ந்தேன். இங்கிலீஷ் தெரியும் என்பதால் மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தது. காலண்டர், தீப்பெட்டி லேபிள் என்று ஓடிய வேலையில் அரசியல் புத்தகம் ஒன்றுதான் செய்தேன். அந்த வேலையைப் பற்றி இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

1. ஆர்டர்

முதலாளியம்மா பெயர் ராஜம்மாள். கணவர் இறந்தபின் அச்சகத்தைத் தானே நடத்தினார். ஜெர்மன் மெஷின் ஒன்றை இறக்குமதி செய்ய லைசென்ஸ் கேட்டு டெல்லிக்கு எழுதி எழுதி அலுத்துப் போனவர். லைசென்சும் பெர்மிட்டும் வேண்டாம் என்று புதிதாக ஒரு வலதுசாரிக் கட்சி கிளம்பியதும் மனதாரச் சேர்ந்துவிட்டார். அறுபத்திரண்டாம் வருஷத் தேர்தல் நெருங்கியபோது என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம கட்சியும் இங்கிலாந்துல ஆளுத கட்சியும் ஒரே மாதிரிங்காக. ரெண்டையும் ஒப்பிட்டு ஒரு சின்னப் புத்தகம் போடுவோம். உள்ளதை எழுதுங்க தம்பி."

விருதுநகர் வாசகசாலையில் பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளைப் புரட்டினேன். சொத்துரிமை, வரிக்குறைப்பு, கட்டுப்பாட்டை நீக்குவது ஆகியவற்றில் இரண்டு கட்சியும் ஒரே பக்கம்தான். ஆனால் இங்கிலாந்தில் முந்தைய ஆட்சி கொண்டுவந்த இலவச வைத்தியத்தை அங்குள்ள கட்சி ஒழிக்கவில்லை. தொழிற்சாலை இன்ஸ்பெக்‌ஷனையும் கைவிடவில்லை.

"இதையும் எழுதணுமாம்மா? நம்ம ஆளுக சங்கடப்படுவாக."

"அவுக செஞ்சதை எழுத நமக்கென்ன சங்கடம்?" என்றார்.

2. புரூஃப்

விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த தனுஷ்கோடி அண்ணாச்சிதான் எங்கள் வட்டாரத்தில் கட்சியின் தேர்தல் வேலையைப் பார்த்தார். போஸ்டர் ஆர்டர் முழுக்க அவர் கையில். புரூஃபைப் படித்தவர் இன்ஸ்பெக்‌ஷன் பத்தியைச் சிவப்புப் பென்சிலால் அடித்தார்.

"இன்ஸ்பெக்டர் தொல்லையே வேண்டாம்னு ரெண்டு கட்சியும் சொல்லுதுன்னு மாத்திருங்க."

ராஜம்மாள் என்னைப் பார்த்தார். "நம்ம கட்சி அறிக்கையில அப்படி இருக்கா தம்பி?"

"இல்லம்மா."

"இங்கிலாந்துல?"

"அங்கனயும் இல்லம்மா."

அவர் அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "நான் எந்த மெஷின் வாங்கணும்னு டெல்லிக்காரன் சொல்லக்கூடாது. அதுக்குத்தான் கட்சிக்கு வந்தேன். ஒரு ரூமுல எம்புட்டு வெடிமருந்து இருக்குன்னு பாக்க வாரவன் வேற ஆளு. அவன் வரலைன்னா வெந்து சாகுறது நீங்களும் நானும் இல்ல அண்ணாச்சி."

"கட்சிக்காரியாப் பேசுங்க தங்கச்சி. போஸ்டர் அம்புட்டும் வேற பிரஸ்ஸுக்குப் போயிரும்."

"போகட்டும். கட்சிக்காரியாத்தான் பேசுதேன்."

போஸ்டர் போய்விட்டது. வேறு வேலை இல்லாத மெஷினில் எங்கள் புத்தகம் ஒரு எழுத்துக்கூட மாறாமல் ஓடியது.

3. விஸ்வநத்தம்

லீவு நாளில் புத்தகக் கட்டோடு என்னையும் கூட்டிக்கொண்டு விஸ்வநத்தத்துக்குப் போனார். தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் அண்ணாச்சி கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். படிக்கத் தெரியாது என்றார்கள். குழாயடியிலேயே நின்று குரலெடுத்துப் படித்தார். "நான் இந்தக் கட்சிக்குத்தான் போடுவேன். நீங்க யோசிச்சுப் போடுங்க" என்றார்.

ஒரு பெண் கேட்டாள்: "அங்கனயும் ஆளை உள்ள வச்சுக் கதவைப் பூட்டிருவாகளாம்மா?"

ராஜம்மாள் என்னைப் பார்க்க, நான் சொன்னேன்: "பூட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. கதவு வெளிப்பக்கமாத் திறக்கணும். அந்தக் கட்சி வந்த பிறகும் அதை எடுக்கல."

"எங்க அண்ணாச்சி பூட்டித்தான் வைக்காரு" என்றாள். மற்றவர்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கிட்ட வந்தார்கள்.

அடுத்த வாரம் அண்ணாச்சி அச்சகத்துக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன்.

"எங்க ஆளுக அம்புட்டுப் பேரும் வாசல்ல நின்னுட்டாக தங்கச்சி. கதவைப் பூட்டுனா உள்ள போகமாட்டோம்ங்காக. யோசிச்சுப் பாத்தேன். பூட்டை எடுத்துட்டேன்."

ராஜம்மாள் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க அண்ணாச்சி. காப்பி சாப்பிடுங்க."

அதன் பிறகும் தங்கள் கட்சிக்காகத்தான் இரண்டு பேரும் வீடு வீடாகப் போனார்கள். கட்சிகளை ஒப்பிட்டு எழுத உட்காரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பிடித்த கட்சி சொல்லாததை அதன் வாயில் திணிக்காதீர்கள். எழுதியதை, அதனால் பாதிக்கப்படப் போகிறவர்கள் முன்னால் நின்று ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள்.